8 ஜிபி லேப்டாப்பில் அம்மன் பாட்டு: ராம் கூட்டினால் கரகரப்பு போகுமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்காகத் தெருக்காரர்கள் கேட்ட அம்மன் பாட்டை எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறார். பதிவு செய்து வைத்த வாத்தியச் சத்தங்களை வாசித்துக் கொடுக்கும் கான்டாக்ட் என்ற மென்பொருளில் ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், தபேலா, பியானோ என்று ஏற்றியதும் பாட்டு கரகரக்கிறது, சில நேரம் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. கடைக்காரர் 16 ஜிபி ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாராம். நண்பர் ஒருவர், போடுவதுதான் போடுகிறாய், 32 ஆகப் போடு என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

தம்பி, ராம் கூட்டத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கண் போய் நின்றது 8 ஜிபியில் இல்லை, அந்த 1 டிபி ஹார்டு டிஸ்க்கில். காசு இந்த மாதம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), அப்புறம் ராம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் தப்பாகச் செலவு செய்தவன் நான்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் கம்ப்யூட்டரிலும் இதே கரகரப்பு. நானும் ஒருவர் பேச்சைக் கேட்டு நேராகப் போய் ராமை இரண்டு மடங்காக்கினேன். ப்ராஜெக்ட் சீக்கிரம் திறந்தது, உண்மைதான். ஆனால் கரகரப்பு அப்படியே இருந்தது. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது, குற்றவாளி வைஃபை டிரைவர், அதாவது வைஃபையை இயக்கும் நிரல். வைஃபையை அணைத்தால் சத்தம் சுத்தம். ஒரு மவுஸ் கிளிக்கில் தீர வேண்டிய விஷயத்துக்கு நான் ராம் வாங்கியிருக்கிறேன். (அந்த ராம் பின்னால் பயன்பட்டது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.)

அதனால் முதலில் சத்தம் எப்படிக் கெடுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே பாட்டை இரண்டு தடவை ஓட்டுங்கள். முதல் தடவை திக்கித் திக்கி ஓடி, அதே இடம் இரண்டாவது தடவை சுத்தமாக ஓடினால் டிஸ்க்கிலிருந்து சாம்பிள் (பதிவு செய்து வைத்த வாத்தியச் சத்தம்) வந்து சேரத் தாமதம். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில், எல்லா வாத்தியமும் சேரும் சரணத்தில், பொரிகடலை வறுக்கிற மாதிரி பொரிந்தால் அது ப்ராசஸர் தாங்காமல் திணறுவது. காலியான ப்ராஜெக்ட்டில் ஒரே ஒரு கீபோர்டு சத்தத்தை வைத்து வாசித்தால்கூட எப்போதாவது ஒரு ‘டப்’ விழுகிறது என்றால் டிரைவர் சமாச்சாரம். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட விட்டால் எந்த டிரைவர் என்று பெயர் சொல்லிவிடும். ராம் போதவில்லை என்றால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். பாட்டு மட்டுமல்ல, மொத்த கம்ப்யூட்டரும் சேற்றில் நடக்கும். மவுஸ் நகராது, ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாது, வேறு ஜன்னலுக்குப் போய்விட்டு எஃப்எல்லுக்குத் திரும்பினால் அரை நிமிடம் வெள்ளையாக நிற்கும். நீங்கள் சொன்ன ‘நடுவில் நின்றே போகிறது’ இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தேகத்தைக் கண்ணால் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம். அம்மன் பாட்டு ப்ராஜெக்ட்டைத் திறந்து, எல்லாம் லோட் ஆன பிறகு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 8 ஜிபியில் 7.5 போய்விட்டது, அவைலபிள் என்ற இடத்தில் சில நூறு எம்பிதான் மிச்சம் என்றால் ராம் தேவை என்பதில் பேச்சே இல்லை. 5 ஜிபியில் நின்று, அப்போதும் சத்தம் கரகரத்தால் ராமுக்குக் கொடுக்கிற காசு இந்தக் கரகரப்புக்கு வீண். இன்னும் ஒரு படி உள்ளே போக விரும்பினால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்ற கோட்டைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது அது விடாமல் துள்ளிக்கொண்டே இருந்தால், ராமில் இருக்க வேண்டியது டிஸ்க்குக்கும் ராமுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த அலைச்சல் ஏன் பாட்டைக் கொல்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சத்தம் விநாடிக்கு 44,100 சின்னத் துணுக்குகளாக (இதற்கும் சாம்பிள் என்றுதான் பெயர்) வெளியே போகிறது. பஃபர், அதாவது ஒரு தடவைக்குத் தயாரிக்கும் துண்டின் அளவு, 256 என்று வைத்திருந்தால், 256 சாம்பிளுக்கு ஒரு தடவை, அதாவது 5.8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை, அடுத்த துண்டு தயாராக இருந்தே தீர வேண்டும். பந்தியில் இலை போட்டுவிட்டு சோறு வரவில்லை என்கிற கதை இதில் ஆகாது. ராமில் இருக்கிற தகவலை எடுக்க மில்லி விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றி, முள் நகர்ந்து, சரியான இடத்துக்கு வந்து சேரவே ஏறக்குறைய 10 மில்லி விநாடி. முள் போய்ச் சேர்வதற்குள் பஃபர் தீர்ந்துவிட்டது. அந்த வெற்றிடம்தான் உங்கள் காதில் ‘டப்’. எஃப்எல்லில் ஆடியோ செட்டிங்ஸில் அண்டர்ரன்ஸ் என்று ஒரு எண் ஓடும், பாருங்கள். அந்த வெற்றிடம் எத்தனை தடவை விழுந்தது என்ற கணக்கு அது.

சரி, அப்படியானால் கான்டாக்ட் எல்லாச் சத்தத்தையும் ராமிலேயே வைத்துக்கொள்ளலாமே? வைத்தால் 8 இல்லை, 128 ஜிபியும் போதாது. பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகள் (சாம்பிள் தொகுப்புகள்) சில நூறு ஜிபி அளவில் இருக்கின்றன. அதனால் அது ஒரு தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொள்கிறது, நீங்கள் கட்டையை அழுத்தியதும் அந்தத் தலைப்பகுதியை உடனே ஒலிக்கவிட்டு, அது தீர்வதற்குள் மீதியை டிஸ்க்கிலிருந்து இழுக்கிறது. தலைப்பகுதியின் அளவு வழக்கமாக 60 கேபி. 24 பிட் ஸ்டீரியோவில் கணக்குப் போட்டால் கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கால் விநாடிக்குள் டிஸ்க் ஓடி வந்துவிட வேண்டும். ஒரு பியானோ என்றால் ஹார்டு டிஸ்க் சமாளிக்கும். ஸ்ட்ரிங்ஸில் இரண்டு கையாலும் நாலு நாலு சுரம் பிடித்து, மேலே புல்லாங்குழலும் தபேலாவும் ஓடினால் ஒரே முள் இருபது முப்பது இடத்துக்கு ஓட வேண்டும். பாவம் அது.

இங்கேதான் எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் உள்ள உறவு வருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 60 கேபி தலைப்பகுதி என்பது வேகம் குறைந்த டிஸ்க்கை நம்பி வைத்த அளவு. ஒரு ஸ்ட்ரிங்ஸ் பேட்சில் (கான்டாக்ட்டில் ஏற்றும் ஒரு வாத்தியத்துக்கு இந்தப் பெயர்) மெதுவாக வாசித்தது, அழுத்தி வாசித்தது, சின்னச் சின்னதாக வெட்டி வாசித்தது என்று எல்லாம் சேர்த்து 10,000 சாம்பிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கேபி வீதம் 600 எம்பி ராம் அதற்கே போகிறது. லைப்ரரியை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, கான்டாக்ட்டின் ஆப்ஷன்ஸில் மெமரி பகுதியில் ப்ரீலோட், அதாவது அந்தத் தலைப்பகுதியின் அளவை 12 கேபி ஆக்கினால் அதே பேட்ச் 120 எம்பியில் அடங்கும். ஐந்தில் ஒரு பங்கு! எஸ்எஸ்டி வாங்கியவருக்கு வேகத்தோடு கொஞ்சம் ராமும் சும்மா கிடைத்த மாதிரி. 12 வைத்துச் சத்தம் திக்கினால் 18, 24 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். ராம் மட்டும் கூட்டிவிட்டு லைப்ரரியை ஹார்டு டிஸ்க்கிலேயே விட்டால் நிறைய பேட்ச் திறக்க முடியும், ஆனால் சேர்த்து வாசிக்கும்போது திக்கத்தான் செய்யும். எஸ்எஸ்டி முதலில் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இனி 16 போதுமா, 32 வேண்டுமா? உங்கள் வேலைக்கு 16 போதும். விண்டோஸும் பின்னணியில் ஓடுபவையும் சேர்ந்து 3 ஜிபி சாப்பிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் திரைக்கும் ராமிலிருந்தே கொஞ்சம் போகும். க்ரோமில் நாலு ஜன்னல் திறந்து யூட்யூபில் பழைய அம்மன் பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்தால் இன்னும் ஒரு ஜிபி. 8 ஜிபியில் பாட்டுக்கு மிஞ்சுவது பாதிதான். அதே கணக்கில் 16 ஆக்கினால் பாட்டுக்கு 12 கிடைக்கிறது. அதாவது மொத்த ராம் இரண்டு மடங்கு, உங்கள் கையில் இருக்கும் இடமோ மூன்று மடங்கு. 8 ஜிபியிலிருந்து 16க்குப் போகும்போது தெரிகிற வித்தியாசம் 16லிருந்து 32க்குப் போகும்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாததற்குக் காரணம் இது. குறும்படத்துக்குப் பின்னணி இசை, அறுபது எழுபது ட்ராக் ஆர்கெஸ்ட்ரா, எல்லாப் பேட்சும் எப்போதும் தயாராக இருக்கும் டெம்ப்ளேட் என்று போகிறவர்களுக்கு 32, ஏன் 64கூட நியாயம்தான். பறை, உடுக்கை, நாதஸ்வரம் இதையெல்லாம் ஆள் வைத்து மைக்கில் பதிவு செய்கிறவர்களுக்கு 32 என்பது ஆடம்பரம். பதிவு செய்த குரலும் வாத்தியமும் ஸ்டீரியோவாகவே எடுத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 16 எம்பிதான், பல மென்பொருள்கள் அதையும் டிஸ்க்கிலிருந்தே வாசித்துக்கொள்கின்றன. எஃப்எல் மட்டும் ஆடியோ கிளிப்பை ராமில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அந்த கிளிப்பின் அமைப்பில் கீப் ஆன் டிஸ்க் என்பதை அமுக்கிவிட்டால் அதுவும் இல்லை.

32 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு விலையும் ஒரு காரணம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. மலிவாக இருந்த காலத்தில் ‘சும்மா இருக்கட்டும்’ என்று கூடுதலாகப் போட்டது வேறு.

வாங்கும் முன் லேப்டாப் என்ன ஏற்றுக்கொள்ளும் என்று பாருங்கள். அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் நல்ல காலம், இருக்கிற 8 ஜிபியோடு இன்னொரு 8 போட்டால் போதும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் ராம் போர்டிலேயே ஒட்டவைக்கப்பட்டது. அப்போது காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்துதான் உறுதி செய்ய வேண்டும். சில மெல்லிய லேப்டாப்களில் ஸ்லாட்டே கிடையாது. அந்த வகை என்றால் இந்தப் பேச்சை விட்டுவிட்டு எஸ்எஸ்டிக்குப் போங்கள். (ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்கிலும் ராம் கூட்ட முடியாது. வாங்கும் நாளில் என்ன இருந்ததோ அதுதான் கடைசி வரை.)

எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப் என்றால் பெரும்பாலும் டிடிஆர்4, 2400 வேகம், 1.2 வோல்ட். கடையில் இப்போது பெரும்பாலும் 3200 தான் கிடைக்கும், வாங்கலாம், இறங்கி 2400லேயே ஓடும். டிடிஆர்5 ஸ்டிக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பள்ளம் இருக்கும் இடமே வேறு, உட்காராது. ஒரு 8 தனியாக இருப்பதைவிட 8ம் 8ம் ஜோடியாக இருப்பது நல்லது. ப்ராசஸர் இரண்டு வாய்க்காலில் ஒரே நேரத்தில் இறைக்கும். பாட்டு வேலையில் அந்த வேகம் பெரிதாகத் தெரியாது, உண்மையைச் சொல்ல வேண்டும். ராமின் வேக எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, அளவுதான் முக்கியம்.

எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ் ஏறி வந்து வாங்கினால் மலிவு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது ஜிஎஸ்டிக்கு முந்தைய கதை. 2017 ஜூலைக்குப் பிறகு கம்ப்யூட்டர் பாகங்களுக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே வரி. பஸ் காசு மிச்சம் என்று மஞ்சக்குப்பத்திலேயே வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அங்கேயே போட்டு, டாஸ்க் மேனேஜரில் 16 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மாடல் எண்ணைப் போனில் சொல்லி வாங்கிய ஒரு ஸ்டிக் பொருந்தாமல், திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்று ஒரு கடையில் சொல்ல, அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

நம் கடலோரக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்து ராமின் பொன்னிறப் பற்களில் மெல்லிய அழுக்குப் படியும். ஐப்பசி கார்த்திகை முடிந்ததும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை’ என்று வருகிறவர்களில் பலருக்கு ராமைக் கழற்றித் துடைத்துப் போட்டாலே சரியாகிவிடும். பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடை. லேப்டாப்பைத் திறக்கும்போது சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். புது ஸ்டிக்கைச் சாய்வாக நுழைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் ‘கிளிக்’ என்று பிடிக்கும் வரை கீழே அமுக்குங்கள். அன்று இரவு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கையோ மெம்டெஸ்ட்86ஐயோ ஓட விட்டுத் தூங்கப் போங்கள். கெட்டுப்போன ராம் உடனே காட்டிக்கொடுக்காது. பாட்டு முடிந்து மிக்ஸ் எடுக்கும் நேரம் பார்த்துத்தான் நீலத் திரை வரும்.

இன்னொன்று. பென்டிரைவில் கைமாறி வந்த பழைய 32 பிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் நிரலால் 4 ஜிபிக்கு மேல் பார்க்கவே முடியாது. நீங்கள் 64 ஜிபி போட்டாலும் அதற்கு 4 தான்.

ஆடிக்கு முன் கையில் காசு இல்லை என்றால்கூட இந்தப் பாட்டை இதே லேப்டாப்பில் முடித்துவிடலாம். கான்டாக்ட்டில் பர்ஜ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஸ்ட்ரிங்ஸ் பேட்சில் எல்லாச் சாம்பிளையும் பர்ஜ் செய்துவிட்டு, பாட்டை ஒரு தடவை முழுதாக ஓட்டி, பிறகு அப்டேட் சாம்பிள் பூல் என்பதை அமுக்கினால், பாட்டில் உண்மையாக ஒலித்த சுரங்களின் சாம்பிளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ராமிலிருந்து இறக்கிவிடும். நம் பாட்டுக்கு இது பெரிய வரம். மோகனத்தில் மெட்டுப் போட்டிருந்தால் ஸ்தாயிக்கு ஐந்தே சுரம், பன்னிரண்டு கட்டையில் ஏழு சும்மா கிடக்கிறது. அந்த ஏழின் சாம்பிளை எதற்காக ராமில் சுமக்க வேண்டும்?

அதுவும் போதாவிட்டால், மெட்டு முடிவான வாத்தியங்களை ஒவ்வொன்றாக ஆடியோவாக மாற்றிவிடுங்கள். எஃப்எல்லில் ப்ளேலிஸ்ட் ட்ராக்கில் வலது கிளிக் செய்து கன்சாலிடேட் திஸ் ட்ராக். ஆனால் அதோடு நிறுத்தினால் ராம் குறையாது, கான்டாக்ட் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கும். ப்ராஜெக்ட்டை வேறு பெயரில் ஒரு நகல் சேமித்துவிட்டு, இந்தப் பிரதியில் அந்த கான்டாக்ட் சானலையே அழித்தால்தான் இடம் காலியாகும். மியூட் செய்தால் ராம் குறையாது. ஸ்மார்ட் டிசேபிள் என்று யாராவது சொல்வார்கள், நல்ல வசதிதான், ஆனால் அது ப்ராசஸர் சுமையைத்தான் குறைக்கும். அப்புறம், பாடகரைப் பதிவு செய்யும்போது மட்டும் பஃபரை 128க்கோ 256க்கோ இறக்குங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றுங்கள். 23 மில்லி விநாடி தாமதம் மிக்ஸிங்கில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஸ்ட்ரிங்ஸிலிருந்தே தொடங்குங்கள், அதுதான் அதிகம் விழுங்கியிருக்கும். பர்ஜ் செய்வதற்கு முன் கான்டாக்ட்டின் மேல் ஓரத்தில் எத்தனை எம்பி காட்டியது, பின் எத்தனை என்று குறித்து வைத்து, டாஸ்க் மேனேஜரின் அவைலபிள் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். 16 வாங்கலாமா, எஸ்எஸ்டி மட்டும் போதுமா என்பதை அந்த மூன்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.